ஐந்நூற்றுவர் செய்த அறம்: கொடையா, காவலா?

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. உத்தியோக நிமித்தமாக ஐந்தாறு ஊர்களில் குப்பை கொட்டியதில், அலமாரியின் இரண்டு தட்டு நிறைய மலர்கள் சேர்ந்துவிட்டன. அவற்றைப் புரட்டினால் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் கடல் கடந்து சென்று கோயில் கட்டினர், குளம் வெட்டினர், அறம் வளர்த்தனர்" என்பதே அது. தமிழகத்துக்கு வெளியே பிழைக்கப் போன நமக்கு அவர்களே முன்னோடி என்று கட்டுரை முடியும். படிக்கிறவருக்கும் நெஞ்சு நிமிரும்.

அந்த வரிசையில் அடியேனும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூரில் ஒரு பொங்கல் விழாவில் இதே பொருளில் அரை மணி நேரம் முழங்கினேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. கீழே இறங்கி வந்தபோது, மளிகைக் கடை நடத்தும் அம்மையார் ஒருவர் என்னை நிறுத்தி, "நல்லாப் பேசினீங்க சார். ஆனா ஒரு சந்தேகம். ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவுன்னு கோயிலுக்குக் குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அதை அவங்க மூட்டை விலையில ஏத்தித்தானே வித்திருப்பாங்க? அப்ப தர்மம் பண்ணினது யாரு, செட்டியாரா, உப்பு வாங்கினவளா?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளிய எனக்கு இந்தக் கேள்வி முதலில் தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இக்கட்டுரை அந்த அம்மையாருக்குக் காலங்கடந்து தருகிற பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, நாமெல்லாம் எழுதிவரும் ஐந்நூற்றுவர் கட்டுரைகள் மீதான ஒரு விமர்சனமும் ஆகும். என் பழைய பேச்சுக்கும் இதில் விலக்கு கிடையாது.

முதலில் பெயர். ஐந்நூற்றுவர் என்பது தலை எண்ணிச் சொன்ன கணக்கன்று, ஒரு குழுவின் பெயர். அதன் மூலம் தமிழ்நாட்டில் இல்லை, நாம் வாழும் இந்தக் கன்னட மண்ணில் இருக்கிறது. இன்றைய பாகல்கோட்டை மாவட்டத்தில், மலப்பிரபா ஆற்றங்கரையில் உள்ள ஐஹொளெதான் கல்வெட்டுகள் சொல்லும் அய்யாவொளெ. தமிழ்க் கல்வெட்டுகள் அதையே ஐயப்பொழில் என்று எழுதின. தங்களை ஐயப்பொழில் பரமேசுவரியின் மக்கள் என்று இக்குழுவினர் சொல்லிக்கொண்டார்கள். சுமத்திராவில் கல் நட்டவனும் புதுக்கோட்டைப் பக்கம் சந்தை நடத்தியவனும் ஐஹொளெயைத் தாய்வீடாகச் சொல்லிக்கொண்டான் என்றால், அது வெறும் தமிழ்க்குழு என்று எப்படி எழுதுவது? இவர்களின் நெறிக்குக் கன்னடத்தில் வீர பணஞ்சு தர்மம் என்றும், தமிழில் வீரவளஞ்சியர் சமயம் என்றும் பெயர். இங்கே சமயம் என்றால் மதம் என்று பொருள் கொள்ளக் கூடாது. சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடு, கட்டுப்பாடு என்பது பொருள். கர்நாடகத்தில் பணஜிகர் என்ற வகுப்பாரை நாம் நாள்தோறும் கடைவீதியில் பார்க்கிறோம். அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒரே வேர்.

இக்குழுவைப் பற்றிய நீண்ட மெய்க்கீர்த்திகளில் ஒன்று சிவமொக்கா மாவட்டத்து பள்ளிகாவிப் பகுதியில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு. பல நாடுகளையும் சுற்றித் திரியவே பிறந்த வீரர்கள் என்று தங்களைப் பற்றி அதில் சொல்லிக்கொள்கிறார்கள். யானை, குதிரை, முத்து, நீலக்கல் முதல் ஏலம், கிராம்பு, சந்தனம், கற்பூரம், கஸ்தூரி வரை சரக்குப் பட்டியல் வருகிறது. தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்வதில் நம் ஊர்க் கட்சிக்காரர்கள் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்! ஆனாலும் ஒன்று. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் என்று எல்லாப் பக்கத்து வணிகரும் இந்த ஒரே குடையின்கீழ் வந்தார்கள். நானாதேசி என்ற அவர்களின் இன்னொரு பெயரே அதைச் சொல்கிறது. தமிழ்ப் பெருமைக்காக இதை மறைத்து எழுதுவது, கூட்டு வட்டியில் பங்காளியின் பங்கை மறைப்பது போன்றது.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அவர் குறிப்பிட்ட மூட்டைக் கணக்கு பிரான்மலைக் கல்வெட்டிலிருந்து நான் எடுத்துச் சொன்னது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை, தேவாரத்தில் கொடுங்குன்றம் என்று வருகிற தலம். அங்கே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டில், பல ஊர் வணிகர்களும் கூடி, தங்கள் கையில் வந்து போகும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் இன்ன அளவு என்று கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறார்கள். இதற்குப் பட்டணப்பகுதி என்று பெயர். உப்பு, நெல், அரிசி, துவரை, ஆமணக்கு விதை, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம் என்று அஞ்சறைப்பெட்டியையே கொட்டினாற்போல் பட்டியல் தொடங்குகிறது. பிறகு இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன். அதற்கும் மேலே சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கவரிமயிர். முடிவில் குதிரை, யானை.

இந்தப் பட்டியலை நம் கட்டுரையாளர்கள் வணிகச் செழிப்புக்குச் சான்றாகக் காட்டுவார்கள். சரிதான். ஆனால் தணிக்கைக்காரன் கண்ணோடு பார்த்தால் வேறு சில கேள்விகள் எழுகின்றன. ஒவ்வொரு பொதிக்கும் இவ்வளவு என்று வசூலிக்க வேண்டுமானால் வழியில் எண்ணுவதற்கு ஆள் வேண்டும். எண்ணியதைக் குறித்துக்கொள்ளக் கணக்கு வேண்டும். கொடுக்க மறுப்பவனை நிறுத்தச் செல்வாக்கு வேண்டும். இதெல்லாம் வழக்கமாக அரசன் சுங்கச்சாவடியில் செய்கிற காரியம். பிற்காலச் சோழரின் பிடி தளர்ந்துகொண்டிருந்த அந்த 13ஆம் நூற்றாண்டில்தான் இத்தகைய பட்டணப்பகுதிக் கல்வெட்டுகள் கூடுதலாகத் தென்படுகின்றன என்பதை எ. சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. வணிகர்கள் தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டார்கள். அந்த வரியைக் கோயிலின் பெயரால் விதித்தார்கள். சித்திரமேழிப் பெரியநாட்டார் என்ற வேளாண் குழுவினரும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் வணிகரோடு கைகோத்தார்கள். ஏர் பிடித்தவனும் பொதி சுமந்தவனும் ஒன்றுசேர்ந்தால், இடையில் ராஜாவுக்கு வேலை குறைவுதான்.

ஆக, அந்த அம்மையார் சொன்னது சரி. பட்டணப்பகுதியின் ஒரு பங்கையாவது உப்பு வாங்கியவள் கொடுத்திருப்பாள். அவள் பெயர் கல்லில் இல்லை. கூடிய வணிகரின் ஊர்களும் பட்டங்களும் இருக்கின்றன. இதைக் கொடை என்று மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு. மறுபாதியையும் சொல்ல வேண்டுமல்லவா? பன்னீரும் யானையும் விற்றவன் மட்டும் இந்த ஏற்பாட்டில் இல்லை, உப்பும் வெங்காயமும் விற்றவனும் இருந்தான். பெரியவன் கொடுத்தான், சிறியவன் கும்பிட்டான் என்ற கதை இதில் இல்லை. எல்லோர் சரக்கிலும் ஒரு பிடி எடுக்கப்பட்டது. தனி ஒரு தனவந்தரின் தாராளத்தைவிட இது உறுதியான ஏற்பாடு. தனவந்தர் செத்துப்போவார், சந்தைக்கு வரும் உப்புப் பொதி நிற்காது.

சரி, கடல் கடந்த அறக்கொடை என்று நாம் மேடையில் காட்டுகிற முக்கியச் சான்று எது? சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற துறைமுகத்துக்கு அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு. கற்பூரத்துக்குப் பேர்போன கரை அது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. இதைப் பற்றி நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் எழுதிய கட்டுரையே பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அடிப்படை. சிதைந்த கல்லாதலால் பாதி ஊகமாகத்தான் அவர் பொருள் சொல்ல முடிந்தது. பல்லாண்டுகள் கழித்துச் சுப்பராயலு அதை மீண்டும் வாசித்து 1998இல் திருத்தமான பாடத்தை வெளியிட்டார். நம் மலர்க் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தத் திருத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது என் முதல் குறை. என் பொங்கல் பேச்சும் அப்படியே.

திருத்திய வாசிப்பில் அந்தக் கல் என்ன சொல்கிறது? வாரோசு என்ற ஊரின் வேளாபுரத்தில் ஐந்நூற்றுவர் கூடுகிறார்கள். தங்கள் மகனார் என்று உரிமையோடு குறிப்பிடும் நகர சேனாபதி நாட்டுச்செட்டியார் முதலானவர்களுக்காக ஒரு முடிவு செய்கிறார்கள். துறைமுகத்துக்கு வரும் மரக்கலத்தின் தலைவர்கள், கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாக ஒரு கட்டணம் செலுத்திய பிறகே பாவாடை ஏற வேண்டும் என்பது அந்த முடிவு. பாவாடை என்றதும் இளைய தலைமுறை சிரிக்க வேண்டாம். வருகிறவர் கால் வைக்க விரித்த துணிக்குப் பழைய பெயர் அது. அந்தத் துணியில் ஏறினால்தான் வியாபாரம் பேசலாம் போலும்.

இதில் கோயில் எங்கே? குளம் எங்கே? வாசித்தவரை, இது துறைமுகக் கட்டண விதி. ஆனாலும் நம் கட்டுரைகளில் இது அறக்கொடைப் பட்டியலில் ஏறிவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அறத்தை மறக்காதே, அறத்தை விட்டால் வேறு துணை இல்லை என்ற பொருளில் அக்கல்வெட்டு முடிகிறது. அந்தச் சொல்லைக் கண்டதும் நாம் தர்மச்சத்திரத்தைக் கற்பனை செய்துகொண்டுவிட்டோம்.

எனக்குத் தோன்றும் பொருள் வேறு. பாரூஸில் சோழனின் நீதிமன்றம் கிடையாது. இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தது 1025இல். இந்தக் கல் நட்டது அதற்கு 63 ஆண்டுகள் கழித்து. படை வந்தது, போனது. கப்பல்காரன் கட்டணம் கொடுக்காமல் போனால் யாரிடம் வழக்குப் போடுவது? வாங்கியவன் கணக்குக் காட்டாவிட்டால் யார் கேட்பது? அப்படிப்பட்ட இடத்தில் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவதைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. அதைத்தான் அங்கே அறம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அள்ளிக் கொடுப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம். இது ஒப்பந்தத்தின் அறம். வணிகர்கள் சோழப் படையின் வாலைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டினார்கள் என்று சரித்திர நாவல்களை நம்பி எழுதுவோருக்கும் இந்த 63 ஆண்டு இடைவெளி கொஞ்சம் யோசிக்கக் கொடுக்கும்.

இந்த எண்ணத்தோடு மற்றச் சான்றுகளைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு ஒரு சொல் பிடிபட்டது. அடைக்கலம்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த சிறிய தமிழ்க் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாங்கூர் உடையான் ஒருவன் தோண்டிய குளம் ஒன்றுக்கு அவனிநாரணம் என்று பெயர். அது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். அந்தக் குளம் மணிக்கிராமத்தாருக்கும், சேனாமுகத்தார் என்ற படைவீட்டாருக்கும் அடைக்கலம் என்று கல் சொல்கிறது. மணிக்கிராமம் ஐந்நூற்றுவருக்கு முன்பே தழைத்திருந்த இன்னொரு வணிகக் குழு. இங்கே குளத்தைத் தோண்டியவன் தனி மனிதன். வைத்த பெயர் அரசனுடையது. வணிகக் குழு செய்தது என்ன? காப்பதாக ஏற்றுக்கொண்டது. தோண்டியவன் அடுத்த காற்றுக்குக் கப்பலேறிவிடுவான். குளம் தூர்ந்து போகாமல், கரை உடையாமல், எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள அங்கேயே இருக்கும் கூட்டம் ஒன்று தேவை.

கொல்லத்துக்கு வாருங்கள். 849ஆம் ஆண்டு, வேணாட்டு அய்யனடிகள் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேடு. பள்ளி என்பது இங்கே கிறித்தவ ஆலயம். மருவான் சபீர் ஈசோ என்பவர் எழுப்பியது. அந்தப் பள்ளிக்கும் அதன் உரிமைகளுக்கும் காவலாக அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் குறிக்கப்படுகின்றன. அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. செப்பேட்டின் சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும், பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. கடவுள் வேறு, மொழி வேறு, காவல் பொறுப்பு மட்டும் பொது.

இலங்கையில் பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் புத்தரின் பல் சின்னம் வைக்கப்பட்ட கோயிலைக் காக்க வேளைக்காரப் படையினர் பொறுப்பேற்றார்கள். அப்போது தமக்கு மூதாதையராகிய வளஞ்சியரையும், தம்மோடு கூடிவரும் நகரத்தாரையும் கூட்டி வைத்துக்கொண்டுதான் வாக்குக் கொடுத்தார்கள் என்று அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டே சொல்கிறது. படைக்காரன் தன் சொல்லுக்கு மதிப்பு வேண்டி வணிகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறான்! பர்மாவில் பகான் நகரில் நானாதேசி விண்ணகரம் என்று குழுவின் பெயராலேயே ஒரு பெருமாள் கோயில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அதற்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்தவர் மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்திலிருந்து போன குலசேகர நம்பி. இங்கும் கொடுத்தவர் ஒருவர், பெயர் குழுவினுடையது. அந்தப் பெயர் இருந்ததால்தான் எங்கோ கொடுங்கல்லூர்ப் பக்கத்து மனிதர் பர்மாவில் நம்பிக் கொடுத்திருக்கிறார் என்று கருத இடமுண்டு.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், குழுவின் பெரிய தொண்டு கொடுத்ததில் இல்லை, காத்ததில் இருந்தது என்பது என் துணிபு. கொடுப்பதற்கு அரசன் இருந்தான், செல்வர் இருந்தனர், இடையரும் தேவரடியாரும்கூட விளக்குக்கு ஆடு வைத்தனர். தூர தேசத்தில், தலைமுறை கடந்து, ஒருவர் வைத்ததை இன்னொருவர் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்காது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பழைய வடு. பல ஆண்டுகளுக்கு முன் வட இந்திய நகரம் ஒன்றில் இருந்தபோது, அங்கிருந்த ஒரு தமிழர் அமைப்பின் கணக்கைச் சம்பளமில்லாமல் பார்த்துக் கொடுத்தேன். கணவரை இழந்த ஒரு மூதாட்டி, தமிழ் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்கச் சொல்லி வங்கியில் ஒரு தொகை போட்டிருந்தார். ஐந்து ஆண்டு வட்டி விழாப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தது. திருட்டு இல்லை, ஒருவரும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவில்லை. "பொதுக் காரியத்துக்குத்தானே செலவாச்சு" என்றார்கள். அந்த அம்மாள் பெயர் ஒரு பழைய மலரில் நன்கொடையாளர் பட்டியலில் இருந்தது. பரிசு வாங்க வேண்டிய ஐந்து பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த குறிப்பு கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. நம் ஐந்நூற்றுவர் கட்டுரைகளில் கொடையே பேசப்பட்டு காவல் பேசப்படாமல் போவதற்கும், நாம் நன்கொடைப் பட்டியல் போட்டுக் கணக்குப் பட்டியல் போடாமல் விடுவதற்கும் ஏதோ உறவு இருக்கிறது என்ற ஐயம் அன்று முதல் எனக்கு உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நானும் பாதிக் கணக்கு எழுதியவன் ஆவேன். காவல் என்றால் கையில் ஆயுதம் இருந்தது. வீரவளஞ்சியர் என்ற பெயரில் வருகிற வீரம் அலங்காரச் சொல் அன்று. எறிவீரர் என்று இவர்களுக்குச் சொந்தக் காவற்படை இருந்தது. வணிகரை ஆபத்திலிருந்து காத்த வீரர்களைச் சிறப்பிக்க, சில ஊர்களை எறிவீரப்பட்டினம் என்று அறிவித்து அங்கு வீரர்களுக்குச் சில சலுகைகளை விட்டுக்கொடுத்தார்கள். பழைய சித்தூர் மாவட்டத்துப் பாசினிகொண்டாவிலும், திருவள்ளூர்ப் பக்கம் காட்டூரிலும் அப்படிப்பட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. கூலிப்படை வைத்திருந்த கூட்டம் எல்லாச் சமயத்திலும் சாதுவாக நடந்திருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை. பொதி சுமந்தவன், கப்பலில் துடுப்புப் போட்டவன், பட்டணப்பகுதி கொடுக்க மறுத்தவன் ஆகியோர் கல் நட்டு வைக்கவில்லை. கல்வெட்டு என்பது வென்றவர் எழுதிய கணக்குப் புத்தகம். அதற்கு வெளியே போய்த் தணிக்கை செய்ய நமக்கு ரசீதுகள் இல்லை.

ஆய்வாளர்களும் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்கரான கென்னத் ஹால் 1980இல் வெளியிட்ட நூலில் சோழ அரசும் நகரங்களும் வணிகக் குழுக்களும் பின்னிப் பிணைந்திருந்ததை விரிவாக ஆராய்ந்தார். மீரா ஆபிரகாம் 1988இல் மணிக்கிராமம், ஐந்நூற்றுவர் இரண்டையும் பற்றித் தனி நூலே எழுதினார். ஆர். செம்பகலட்சுமியின் 1996ஆம் ஆண்டு நூல் இக்குழுக்களை நகரங்களின் வளர்ச்சியோடும் சமயக் கருத்துகளோடும் சேர்த்துப் பார்க்கிறது. கராஷிமா பதிப்பித்து 2002இல் வந்த தொகுதி, இந்தியப் பெருங்கடல் நெடுகிலும் கிடைத்த கல்வெட்டுகளையும் பானை ஓடுகளையும் ஒருசேர ஆராய்கிறது. என் கட்சிக்கு இவற்றில் மூன்றாவது நூலே அதிகம் உதவியது. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், நூலக விலையில். தமிழில் மயிலை சீனி. வேங்கடசாமி பழங்காலத் தமிழர் வாணிகத்தைப் பற்றி எழுதினார் என்றாலும், அவர் எடுத்துக்கொண்டது சங்ககாலம். நம் மலர்களில் எழுதுவோர் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படிப் பார்த்து எழுதியதால் வந்த இன்னொரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. சீனத்துக் குவான்சௌ நகரில் கிடைத்த, சக 1203, அதாவது 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை ஐந்நூற்றுவர் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதில் இருப்பவர் தவச்சக்கரவர்த்திகள் என்னும் சம்பந்தப் பெருமாள். செகசைகான் என்று கல் அழைக்கும் மங்கோலியப் பேரரசன் குப்ளாய்கானின் உடல் நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளப் பண்ணினார். அதற்குக் கீழே சீன எழுத்தில் ஒரு வரியும் உண்டு. ஐந்நூற்றுவர் பெயர் அக்கல்வெட்டில் இல்லை. தமிழ் வணிகர் அங்கே இருந்தனர் என்று சொல்லலாம், தவறில்லை. இன்ன குழுவின் கொடை என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆண்டவனையும் வேண்டி, ஆளுகிறவனுக்கும் நல்லவனாக நடந்துகொண்ட அந்தச் சாமர்த்தியத்தை வெளியூரில் கடை வைத்த எவரும் உடனே புரிந்துகொள்வார்.

அரசனுக்கும் வணிகனுக்கும் இடையே இருந்த இந்தக் கண்ணாமூச்சியை ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் இன்னும் தெளிவாகக் காணலாம். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45இல் அங்கே ஓர் அபய சாசனம் வெட்டினான். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கை முன்பிருந்த அரசர்கள் பறித்துக்கொண்டார்கள், நான் அப்படிச் செய்ய மாட்டேன், குறித்த தீர்வை மட்டுமே வாங்குவேன் என்பது அதன் சாரம். அதாவது அதுவரை பறித்துக்கொண்டிருந்தார்கள்! இப்படிப்பட்ட கரைகளில் வியாபாரம் செய்தவனுக்குக் குழுவின் பெயர் எவ்வளவு பெரிய கவசமாக இருந்திருக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கோயிலுக்குக் கொடுத்த பட்டணப்பகுதியும் அந்தக் கவசத்தின் சந்தா என்று அந்த மளிகைக் கடை அம்மையாரிடம் இப்போது சொல்வேன். சந்தாவில் உப்பு வாங்கியவளின் காசும் இருந்தது. சாலையில் கொள்ளை இல்லாமல் உப்பு அவள் ஊர் வந்து சேர்ந்ததும் அதே சந்தாவால்தான். இரண்டில் எது கூடுதல் என்று தராசில் நிறுக்க எனக்குத் தெரியவில்லை. அவரே கடைக்காரர், அவர் நிறுத்துச் சொல்லட்டும்.

இதை எழுதி முடிக்கும் முன் ஐஹொளெக்கு ஒருமுறை போய்விட்டு வரலாம் என்று வீட்டுக்காரியோடு கிளம்பினேன். பாதாமியில் தங்கி, பட்டடக்கல்லையும் பார்த்துக்கொண்டு போவது வசதி. துர்க்கை கோயில் என்றதும் பரமேசுவரி இங்கேதான் என்று நான் ஆவலாக ஓடினேன். அங்கிருந்த வழிகாட்டிப் பையன், துர்க்கம் என்றால் கோட்டை, கோட்டைக்குப் பக்கத்துக் கோயில் என்பதால் இந்தப் பெயர், அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான். மேகுடிக் குன்றின்மேல் ஏறி, ரவிகீர்த்தி 634இல் இரண்டாம் புலிகேசியைப் பாடி வெட்டிய கல்வெட்டையும் பார்த்தோம். கீழே ஊர் முழுக்கக் கோயிலும் வீடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

ஐந்நூற்றுவரைப் பற்றி அந்தப் பையனிடம் கேட்டேன். தெரியும் என்றான். ஐந்நூறு பேரும் இங்கே கூடித்தான் உலகமெல்லாம் வியாபாரத்துக்குப் புறப்பட்டார்கள் என்றான். "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டான். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், இப்போது பெங்களூர் என்றேன். "அப்ப உங்க ஆளுங்களும் அதுல இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த ஐம்பது ரூபாய்க்குச் சில்லறையை எண்ணித் திருப்பிக் கொடுத்தான்.